எண்ணெய் டின் ராக்கெட் அடுப்பு: வெளியிடச் சமையலுக்கு எது தேறும், எது தேறாது

ராக்கெட் அடுப்பு வாங்கலாமா, நாமே செய்துவிடலாமா என்று கொஞ்ச நாளாக நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். வீட்டில் தினசரி சமைப்பதைப் பற்றி நான் பேசவில்லை. குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்ச் சமைத்துச் சாப்பிடுவது, தோப்பில் ரெண்டு நாள் தங்குவது, வேனில் யாத்திரை கிளம்பி வழியில் புளியமரத்தடியில் நிறுத்திச் சாதம் வடிப்பது, இந்த மாதிரி சமையலுக்கு எந்த அடுப்பு லாயக்கு என்பதுதான் விஷயம். பட்டறையில் வெல்டிங் வைத்த இரும்பு அடுப்பு, சிமெண்ட் இல்லாமல் செங்கல்லை அடுக்கிச் செய்கிற அடுப்பு, பழைய எண்ணெய் டின்னில் கையால் செய்கிற அடுப்பு, மூன்றிலும் சமைத்திருக்கிறேன். என் ஓட்டு எண்ணெய் டின்னுக்குத்தான். காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் அளவு எதையும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

முதலில் அடுப்பின் வேலை. 1982-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரொவெச்சோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த லாரி வினியார்ஸ்கி உருவாக்கிய வடிவம் இது. படுக்கையாக ஒரு குழாய், அதன் கோடியில் செங்குத்தாக ஒரு குழாய். படுக்கைக் குழாயில் விறகை நுழைத்து நுனியை மட்டும் எரியவிட்டால், சூடான காற்று செங்குத்துக் குழாயில் மேலே ஏறும்போது வாய் வழியாகப் புதுக் காற்றை இழுத்துக்கொண்டு வரும். நுனி மட்டும் எரிவதால் கிளம்பும் புகை கொஞ்சம்தான், அந்தப் புகையும் சூடான குழாய்க்குள்ளேயே எரிந்துவிடும். புகை என்பதே எரியாமல் தப்பித்துப் போகிற விறகுதான். பலரும் படத்தைப் பார்த்து இந்த வளைவை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். வினியார்ஸ்கி அதே அளவுக்கு அழுத்திச் சொன்ன இன்னொன்று உண்டு: குழாயைச் சுற்றி லேசான, சூட்டை வாங்கிக்கொள்ளாத பொருளை நிரப்ப வேண்டும். குழாய் சூடாக இருந்தால்தான் உள்ளே புகை எரியும். இந்த ஒரு விஷயத்தில்தான் கடை அடுப்புகள் பாதி சறுக்குகின்றன.

இணையத்திலும் ஊர்ப் பட்டறைகளிலும் பரவலாகக் கிடைப்பது 4 அங்குலச் சதுர இரும்புக் குழாயில் செய்தது. செங்குத்தாக ஒன்று, அதில் சாய்வாக ஒன்று ஒட்ட வைத்து, கீழே கால், மேலே பாத்திரம் உட்கார நாலு கம்பி. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, வருஷக்கணக்கில் வரும். சாய்வு வாய் இருப்பதால் நுனி எரிய எரிய விறகு தன் பாரத்திலேயே உள்ளே சறுக்கிக்கொள்ளும், அது நிஜமாகவே நல்ல வசதி. ஆனால் குழாய் 4 மில்லிமீட்டர் கனம் என்றால் மீட்டருக்கு 12 கிலோ பக்கம் வரும், அடுப்பு மொத்தம் 8 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 8 கிலோ இரும்பு முழுவதும் தீயின் பக்கத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 8 கிலோ இரும்பை 300 டிகிரிக்கு ஏற்றுவதற்கு ஆகும் சூடு, 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் சூட்டைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அதாவது டீ போடுவதற்கு முன்னால் அடுப்புக்கு ஒரு தடவை சமைத்தாக வேண்டும். அது சூடாகும்வரை புகையும், அதற்குப் பிறகு நன்றாகவே எரியும், ஆனால் வெளிப்பக்கம் முழுக்க மொட்டை இரும்பு என்பதால் சூடு நாலா பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடத்தில் நான் அதை வைக்கவே மாட்டேன்.

சாய்வு வாயில் இன்னொரு தொல்லை: நீள விறகைப் போட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்டால் நெருப்பு விறகைப் பிடித்து மேலேறி வாய் வழியாகவே புகைய ஆரம்பிக்கும். தோட்டத்திலேயே ஒரு இடத்தில் நிரந்தரமாக வைத்து மணிக்கணக்கில் வெந்நீர் போடுகிறவர்கள் இரும்பு அடுப்பை வாங்கலாம். அரை மணியில் ஒரு டீ, ஒரு உப்புமா என்று கிளம்புகிறவர்களுக்கு வேண்டாம்.

செங்கல் அடுப்பு எனக்குப் பிடித்தமானது, செலவே இல்லை. 9 அங்குல நீளம், நாலேகால் அங்குல அகலம் உள்ள நாட்டுச் செங்கல் நாலை எடுத்து, ஒன்றின் முனை அடுத்ததன் பக்கவாட்டில் இடிக்கும்படி சுற்றி வையுங்கள். நடுவில் நாலேமுக்கால் அங்குலச் சதுர ஓட்டை தானாகவே விழும், அளவுகோலே தேவையில்லை. கீழ் ரெண்டு வரிசையில் மட்டும் முன்பக்கத்து முழுக்கல்லுக்குப் பதில் அரைக்கல் வைத்தால் அதுதான் வாய். வாய்க்கு மேலே வரும் கல்லுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம் இருக்கும், அதனால் அந்த இடத்தில் ஒரு இரும்புப் பட்டையைப் பாலமாகப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பானையோடு சாயும். அதற்குமேல் நாலு வரிசை. மொத்தம் 23 கல். இடுக்கில் ஈர மண்ணைக் குழைத்து அடைத்துவிட்டால் தீர்ந்தது. எல்லைச்சாமி கோயில் பக்கம் செங்கல் எப்படியும் கிடக்கும், கொண்டுபோக வேண்டியதில்லை. ஆனால் செங்கல்லும் சூட்டைக் குடிக்கும், முதல் அரைமணி மந்தமாக இருக்கும், காலையில் பற்றவைத்து மதியம்வரை சமைக்கிற நாளுக்குத்தான் சரி. ஒரு எச்சரிக்கை: செங்கல் இல்லையென்று சிமெண்ட் ஹாலோ பிளாக்கில் அடுக்காதீர்கள். சூட்டில் விரிசல் விட்டு, அடுப்பு பாரத்தோடு இருக்கும்போதே உடைகிற பொருள் அது.

இப்போது டின் அடுப்பு.

வேண்டியது ஹோட்டல்களிலும் டீக்கடைகளிலும் காலியாகக் கிடக்கும் 15 கிலோ சதுர எண்ணெய் டின் ஒன்று. கேட்டால் சிலர் சும்மாவே தருவார்கள். உள்ளே போகும் குழாய்க்கு 4 அங்குல விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், மாடிப்படிக் கைப்பிடி வேலை செய்கிற பட்டறைகளில் துண்டு விழும், பழைய இரும்புக் கடையிலும் எடை போட்டுத் தருவார்கள். எவ்வளவு மெல்லியது கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. பால்மாவு டின்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியும் குழாய் செய்யலாம், செய்து பார்க்க அது போதும், ஆனால் அந்தத் தகரம் வளைவுப் பக்கத்தில் சீக்கிரமே அரித்து ஓட்டையாகிவிடும். ஜி.ஐ. குழாயை மட்டும் தொடவே வேண்டாம். அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு 420 டிகிரியிலேயே உருகும், இன்னும் சூடேறினால் ஆவியாகும், அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சல், குளிர் நடுக்கம் என்று படுக்க வேண்டிவரும்.

செங்குத்துக் குழாய் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல், அடிப்பக்கம் தட்டு வைத்து மூடியிருக்க வேண்டும். அதன் அடியை ஒட்டிப் பக்கவாட்டில் ஓட்டை போட்டுப் படுக்கைக் குழாயைப் பொருத்துங்கள், டின்னுக்கு வெளியே ரெண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். கேட்டு, கிரில் செய்கிற பட்டறையில் கொடுத்தால் நின்ற இடத்திலேயே ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். உயரம் விட்டத்தைப் போல மூன்று மடங்கு என்பது நல்ல கணக்கு. குட்டையாக இருந்தால் இழுவை போதாது, ரொம்ப உயரமாக இருந்தால் சூடு பாத்திரத்துக்கு வருவதற்குள் குழாயிலேயே போய்விடும்.

டின்னின் மேல் மூடியை ஓரத்தில் ஒரு விரற்கடை விட்டு வெட்டி எடுங்கள், அதுவே பிறகு மேல்மூடியாகும். முன்பக்கம் அடியிலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டு வட்டம் வரைந்து, வட்டத்தை அப்படியே நறுக்கி எடுக்காமல், நடுவிலிருந்து ஓரம்வரை பல கோடுகளாகத் தகரக் கத்திரியால் வெட்டி அந்த முக்கோண நாக்குகளை வெளிப்பக்கம் மடக்குங்கள். குழாயை நுழைத்ததும் அந்த நாக்குகள் குழாயைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும், அதன் மேல் கம்பி கட்டினால் அசையாது. தகர விளிம்பு பிளேடு மாதிரி, கனமான கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அப்புறம்தான் இந்த அடுப்பின் உயிரே. குழாய்க்கும் டின்னுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ரெண்டரை அங்குலம் காலியிடம் இருக்கும், அதில் எதை நிரப்புகிறோம் என்பது. மணல் நிரப்பச் சொல்லி நிறைய வீடியோக்கள் சுற்றுகின்றன, மண் நிரப்பச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ரெண்டும் கனம், ரெண்டும் சூட்டைக் குடிக்கும், இரும்பு அடுப்பில் பார்த்த கதையே திரும்ப வரும். நமக்கு இருக்கிற பொருள் உமிச்சாம்பல். நெல் ஊர்களில் அரவை மில் பாய்லரில் இருந்து மலைமலையாக வெளியே கொட்டுகிறார்கள். பெரும்பகுதி சிலிக்கா, உள்ளே காற்று நிறைந்து பஞ்சாக இருக்கும். எஃகு ஆலைகளில் உருகிய எஃகு ஆறாமல் இருக்க மேலே தூவுவதே இந்தச் சாம்பலைத்தான். அதைவிடக் கேட்க வேண்டியது என்ன இருக்கிறது? வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் இருப்பதைப் பார்த்து எடுங்கள். கறுப்பாக இருந்தால் இன்னும் கரி மிச்சம் என்று அர்த்தம், சூட்டில் உள்ளுக்குள்ளேயே கனலும். உமிச்சாம்பல் கிடைக்காத ஊரில் சலித்த விறகுச் சாம்பலும் நன்றாகவே வேலை செய்யும். நிரப்பும்போது டின்னைத் தட்டித் தட்டி இறக்குங்கள், ஆனால் இடித்துக் கெட்டிக்காதீர்கள், உள்ளே இருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. மேல்மூடியில் குழாய்க்கு ஓட்டை போட்டு மூடி, இடுக்கில் சாம்பலும் களிமண்ணும் குழைத்துப் பூசிவிடலாம்.

தூக்கிப் பார்த்தால் இதுவும் ஐந்தாறு கிலோ வரும். இரும்பு அடுப்பைவிடப் பெரிதாக இலேசு என்று சொல்ல முடியாது. ஆனால் நெருப்பு நேரடியாகச் சூடாக்க வேண்டிய இரும்பு இதில் ஒன்றரை கிலோதான். பற்றவைத்த சில நிமிஷத்திலேயே குழாய்க்குள் உர்ரென்று ஒரு இரைச்சல் கேட்கும், அந்தச் சத்தம் வந்துவிட்டால் புகை நின்றுவிட்டது என்று பார்க்காமலே சொல்லலாம். அரைமணி எரிந்த பிறகும் டின்னின் பக்கவாட்டில் கையை வைத்து எடுக்கலாம், வைத்துக்கொண்டே இருக்க முடியாது, அவ்வளவுதான் சூடு.

இன்னும் ரெண்டு சின்னச் சாமான். ஒன்று, வாய்க்குள் ஒரு தகடு, படுக்கைக் குழாயின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். மேலே விறகு, கீழே காற்று. தகடு செங்குத்துக் குழாய்வரை போகாமல் கொஞ்சம் முன்பே நிற்க வேண்டும், விறகின் நுனி தகட்டைத் தாண்டித் தொங்கினால்தான் அடியிலிருந்து காற்று நேராக நெருப்பில் படும். கீழ்ப்பாதியில் யாராவது விறகைத் திணித்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். ரெண்டாவது, பாத்திரம் உட்கார மூன்று முட்டு. குழாய் வாய்க்கும் பாத்திரத்தின் அடிக்கும் நடுவே இடைவெளி குழாய் விட்டத்தில் கால்பங்கு, 4 அங்குலத்துக்கு ஒரு அங்குலம். அப்போதுதான் குழாயில் ஏறி வரும் அனல் எவ்வளவோ அவ்வளவும் திணறாமல் பக்கவாட்டில் வெளியேற வழி இருக்கும். இதைவிடக் குறைத்தால் இழுவை அடைபட்டு வாயில் புகையும், கூட்டினால் அனல் பாத்திரத்தைத் தொடாமல் ஓடிவிடும். பாத்திரத்தைச் சுற்றி அரை அங்குலம் இடைவெளி விட்டு ஒரு தகரத்தை வளைத்து நிறுத்தினால் அனல் பக்கவாட்டையும் தடவிக்கொண்டு போகும். காற்றடிக்கிற ஆற்றங்கரையில் இந்தத் தகரம் இல்லாமல் நான் அடுப்பைப் பற்றவைப்பதே இல்லை.

விறகு விஷயத்தில் இந்த அடுப்பு கொஞ்சம் செல்லம் கேட்கும். கட்டைவிரல் பருமனுக்கு மேல் ஆகாது, காய்ந்திருக்க வேண்டும். சவுக்கு மிலார் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, நேராக, ஒரே பருமனில், சாம்பல் குறைவாக எரியும். சீமைக் கருவேலங்குச்சி நின்று எரியும், முள்ளை மட்டும் அரிவாளால் சீவிவிட வேண்டும். தென்னை மட்டையும் பாளையும் குப்பென்று பிடித்து உடனே அடங்கிவிடும், பற்றவைக்க மட்டும் சரி. கொட்டாங்குச்சியில் தீ வெறியாக வரும், ஆனால் புகைக்கரி பாத்திரத்தில் பிசினாக அப்பிக்கொள்ளும். முருங்கைக் குச்சி வீண். அரளியைத் தெரியாமல்கூட உள்ளே விடாதீர்கள், அதன் புகையே விஷம். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எல்லாம் சமையல் நெருப்புக்கு ஆகாது. காய்ந்த விறகாக இருந்தால் 2 லிட்டர் தண்ணீர் கொதிக்க 150 கிராம் அளவே போதும், ரெண்டு கைப்பிடி மிலார். அதே வேலைக்குத் திறந்தவெளி மூன்று கல் அடுப்பு இதைப் போல இரண்டு மடங்காவது தின்னும்.

பற்றவைக்கும்போது ஒரு கற்பூரத்தைத் தேங்காய் நாரில் வைத்துக் கொளுத்தி வாயில் தள்ளுங்கள், கூடவே நாலு சுள்ளியை ஒடித்து மேலிருந்து குழாய்க்குள் போடுங்கள். குழாய் சூடானால் இழுவை தானாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மூன்று நாலு குச்சி, நுனி எரிய எரிய உள்ளே தள்ளுவது, அவ்வளவுதான். தீ குறைய வேண்டும் என்றால் ஒரு குச்சியை இழுத்துவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் கறுப்பு ஏறிக்கொண்டே போனால் விறகு அதிகம் என்று அர்த்தம்.

எங்கள் குலதெய்வம் கோயிலில் இதில் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தபோது அத்தை தூரத்திலிருந்தே, "ஏப்பா, அடுப்பு அணைஞ்சு போச்சா? புகையே காணோமே" என்று கேட்டுக்கொண்டு வந்தார். குனிந்து வாய்க்குள் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து குச்சி தள்ள ஆரம்பித்துவிட்டார், சமையல் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஆனால் பொங்கல் பானையை அதில் ஏற்றலாமா என்றதற்கு, "அது வேணாம், மூணு கல்லு வையி" என்று கறாராகச் சொல்லிவிட்டார், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பொங்கல் பொங்கி வழிய வேண்டும், அதுதான் சடங்கே. வழிகிற பால் பானையின் அடியை ஒட்டி ஓடி வந்து நேராகக் குழாய்க்குள் விழுந்து தீயை அணைக்கும், சாம்பலும் ஊறிப்போகும். போதாததற்கு இந்த அடுப்பின் தீ பானையின் நடு அடியில் ஒரே இடத்தில் பாய்வது, புது மண்பானை அதற்குத் தாங்காமல் விரிசல் விடும். பொங்கலுக்கு மூன்று கல்தான்.

மற்றபடி தண்ணீர் நிறைய உள்ள சமையல் எல்லாம் இதில் அருமையாக வரும்: வடிக்கிற சாதம், சாம்பார், ரசம், முட்டை அவிப்பது, டீ, காபி. கறிக்குழம்பும் நன்றாகவே வரும், மூடி போட்டு ஒற்றைக் குச்சியில் விட்டுவிடலாம். தோசைக்கு ஆகாது, கல்லின் நடுவில் கருகி ஓரத்தில் மாவாக இருக்கும். பிரியாணியைத் தாளித்துக் கொதிக்கவிடுவதுவரை சரி, தம் போடுவதற்குக் கங்கு வேண்டும், இந்த அடுப்பு கங்கே சேர்க்காது. எண்ணெய்ச் சட்டி வைத்து வடை, பஜ்ஜி பொரிக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். ஒரு அடிக்கு மேல் உயரமான குறுகலான அடுப்பின் உச்சியில் கொதிக்கிற எண்ணெய், சுற்றிப் பிள்ளைகள், வேண்டவே வேண்டாம். பாத்திரம் ஐந்தாறு லிட்டருக்குள் இருக்கட்டும், டின்னைச் சுற்றி நாலு செங்கல் முட்டுக் கொடுங்கள். இருபது முப்பது பேருக்கு என்றால் 6 அங்குலக் குழாயில் பெரிய அடுப்பாகச் செய்ய வேண்டும், 4 அங்குல அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக யாரும் இதைக் கூடாரத்துக்குள்ளோ, மழைக்குப் பயந்து வேனுக்குள்ளோ வைத்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. இன்னொன்று, மலையேறப் போகிறவர்கள் கேட்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி குற்றம், ராக்கெட் அடுப்பு என்பதற்காக விலக்கு எதுவும் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி எத்தனை பேர் போனார்கள் என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். கோடைக்காலத்துக் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். இந்த அடுப்பு பட்டா நிலத்துக்கும், ஆற்றங்கரைக்கும், கோயில் வளாகத்துக்கும் உரியது. அங்கேயும் சுற்றி ரெண்டடிக்குச் சருகைக் கூட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு பற்றவையுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. சமைத்து முடித்ததும் வாய்க்குள் சேர்ந்த கரித்துண்டுகளையும் சாம்பலையும் வளைந்த கம்பியால் இழுத்துவிட வேண்டும், அது சேர்ந்தால் காற்று வழி அடைபட்டு அடுத்த முறை புகையும். மழையில் நனையவிட்டால் உள்ளே இருக்கும் சாம்பல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, சூடாக வேண்டிய குழாய் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஆகிவிட்டால் மேல்மூடியைக் கழற்றிச் சாம்பலைச் சாக்கில் கொட்டி வெயிலில் காயவைத்துத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். வெளி டின் துருப்பிடித்தால் இன்னொரு டின், குழாயை அப்படியே எடுத்து மாற்றிவிடலாம். வெல்டிங் கூலி, குழாய், டின் எல்லாம் சேர்த்தாலும் கடை இரும்பு அடுப்பின் விலையில் பாதிகூட ஆகவில்லை எனக்கு. பட்டறையில் குழாய் ஒட்டக் கொடுக்கும்போதே கையோடு உள்தகட்டையும் மூன்று முட்டையும் செய்து வாங்கிவிடுங்கள், தனியாக அலைய வேண்டாம்.